சொல்லிக்கொள்ளக் கூடாத இடம்

நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு. எனக்கு அதில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. நான் எழுத்தாளன் கிடையாது. மெல்பேர்னில் பதினொரு வருடமாகக் கொங்கிரீட் போடுகிறேன். அதற்கு முன்னால் மன்னாரில், பேசாலையில், கரைவலை இழுத்தேன். பள்ளிக்கூடப் பையைப் பிடிக்க வேண்டிய வயதில் வலைக்கயிறு பிடித்த கை இது. இப்படிப்பட்ட கைக்குக் கற்பனை ஓடாது. விடியுமுன் எழும்பி, பின்னேரம் முதுகைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேருகிறவனுக்குப் பேயைப் பற்றி யோசிக்க நேரமும் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அவ்வளவுதான்.

அந்த அருவியின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த சனிக்கிழமையே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, கட்லட்டும் பொரித்துக் கட்டிக்கொண்டு போய்ப் பார்ப்பீர்கள். எங்கள் ஆட்களை எனக்குத் தெரியாதா?

போன ஜூன் மாதம். இங்கே அது நடுக் குளிர்காலம்.

என் மனைவி டில்ஷாவுக்கு ஒரே ஒரு ஆசை. நோர்வே, ஐஸ்லாந்து என்று போனில் வீடியோ வீடியோவாகப் பார்ப்பாள். அருவி, பனியாறு, வானத்தில் பச்சையாக ஆடுகிற வெளிச்சம். "ஒருக்கா கூட்டிக்கொண்டு போவியளோ?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு அவளே "சரி, விடுங்கோ" என்பாள். நான் படகில் வந்தவன். என்னுடைய விசாவோடு இந்த நாட்டை விட்டு வெளியே கால் வைத்தால் திரும்ப உள்ளே வர முடியாது. அம்மா செத்தபோதும் போகவில்லை. செத்த வீட்டைப் போனில்தான் பார்த்தேன். மச்சாள் போனை ஒரு கதிரையில் சாத்தி வைத்திருந்தாள். சேமக்காலையில் அம்மாவை அடக்கிவிட்டு வந்த சனம் கொஞ்ச நேரம் முற்றத்தில் இருந்தது. பிறகு ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள். ஒருவரும் வாய் திறந்து சொல்லிக்கொண்டு போகவில்லை.

வேறெந்த வீட்டிலும் நாங்கள் வெறுமனே "போறன்" என்று சொல்ல மாட்டோம். "போட்டு வாறன்" என்போம், போய்விட்டு வருகிறேன் என்று. வீட்டுக்காரர் "ஓம், போட்டு வாங்கோ" என்பார்கள். செத்த வீட்டில் மட்டும் இரண்டும் கிடையாது. சொல்லாமல் எழும்பி, சொல்லாமல் நடக்க வேண்டும். திரும்பி வருவேன் என்று சாவிடம் சொல்லக் கூடாது. அன்றைக்கு நானும் சொல்லாமல்தான் போனை நிறுத்தினேன்.

இது தெரிந்த மனிதன்தான் நான். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

ஆரூரன் என்னோடு சைற்றில் கொங்கிரீட்டுக்குப் பலகை அடித்தவன். முதுகு பிடித்துக்கொண்ட பிறகு ஒரு வான் வாங்கி, தமிழ் ஆட்களைச் சுற்றுலா கூட்டிக்கொண்டு போகிறான். "பனியாறு, அருவி, தென்துருவ ஒளி. எல்லாம் ஒரே நாளில். மத்தியானச் சாப்பாட்டோடு." இதுதான் அவனுடைய விளம்பரம். வடதுருவத்தில் தெரிகிற வெளிச்சம் போலத் தென்துருவத்திலும் ஒன்று இருக்கிறது. சூரியனில் புயல் அடிக்கிற நாட்களில், இரவில், எங்கள் தெற்குக் கடற்கரையில் நின்றாலே தெரியும். டில்ஷா அந்த விளம்பரத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அவள் அப்போது ஆறு மாதம். இதற்கு முதல் இரண்டு தரம் கரு தங்கவில்லை. இரண்டும் ஒரே மாதிரி. வயிறு இறுகுது என்பாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முன்னமே எல்லாம் முடிந்துவிடும். இந்த முறை நாலு மாதம் தாண்டி, ஐந்து தாண்டி, ஆறுக்கு வந்துவிட்டது. டொக்டரும் பயமில்லை, வெளியே போய் வரலாம் என்றார். "பிள்ளை வந்தால் பிறகு எங்கை போறது? இப்பவே போவம்" என்றாள். சரி என்றேன்.

மழை வரும் என்று சொன்னதால் மற்றவர்கள் கழன்றுவிட்டார்கள். மிஞ்சியது நாங்கள் இருவரும், மோகனதாஸ் என்ற ஒரு மனிதரும். மலேசியாவில் கிள்ளானில் பிறந்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, இப்போது கமராவும் முக்காலியுமாகத் திரிகிறவர்.

காலையில் பாக்கஸ் மார்ஷ் பக்கம் ஒரு பள்ளத்தாக்கில் ஆரூரன் வானை நிறுத்தினான். ஒரு பாறை. பாறை முழுக்க நீள நீளமாகக் கீறல்.

"இதுதான் பனியாறு," என்றான்.

டில்ஷா சுற்றிப் பார்த்தாள். "எங்கை?"

"அது போட்டுது. முப்பது கோடி வருசத்துக்குக் கிட்ட இருக்கும். இதாலைதான் போனது. கீறலைப் பாருங்கோ."

"ஏம்பா, காசு வாங்குறப்ப இதச் சொல்லலியே," என்றார் மோகனதாஸ்.

"பனியாறு எண்டுதான் போட்டனான் அங்கிள். ஐஸ் இருக்கும் எண்டு போடேல்லை."

"அப்ப ராத்திரி வெளிச்சமும் போன வருஷத்து வெளிச்சமா?"

டில்ஷா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அன்றைக்கு அவள் கடைசியாகச் சிரித்தது அங்கேதான்.

பின்னேரம் மூன்று மணிக்கு ஒட்வே காட்டுக்குள் அந்த அருவிக்கு வந்தோம். கார் பார்க்கில் எங்கள் வான் மட்டும். மரங்கள் வானத்தை மறைத்துக்கொண்டு நின்றன. பகலிலேயே மங்கல். மேலே ஒரு பார்வை மேடை இருந்தது. டில்ஷாவை அதிலேயே நிற்கச் சொன்னேன். படிகள் செங்குத்து, ஈரம். ஆரூரன் வானில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றான். மோகனதாஸ் மேடையில் முக்காலியை விரித்தார். நான் மட்டும் இறங்கினேன்.

படிகள் முடிகிற இடத்தில் ஒரு கொங்கிரீட் தட்டு. அதன்மேல் உட்கார ஒரு மரவாங்கு. தட்டைக் கண்டதும் தொழில் புத்தி வந்துவிட்டது. பழைய வேலை. மோசமான வேலை. ஓரத்தில் கல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. ஊற்றும்போது சரியாகக் குத்தி இறுக்கவில்லை. குனிந்து விரலால் சுரண்டினேன். மண் போல உதிர்ந்தது. இதையும் மனதில் வையுங்கள். அந்தத் தட்டில் நான் கால் வைத்தேன். விரலால் தொட்டேன். நகத்துக்குள் அதன் தூள் இருந்தது.

நிமிர்ந்தபோது வாங்கில் ஒருவர் இருந்தார்.

இறங்கி வரும்போது இருந்தாரா? இருந்திருப்பார். தட்டைப் பார்த்த கவனத்தில் ஆளைக் காணவில்லை என்று நினைத்தேன்.

எழுபது வயது மதிக்கலாம். சாம்பல் நிறச் சுவெற்றர். கழுத்தைச் சுற்றி மஃப்ளர். வெறுங்கால். அந்தக் குளிரில், ஈரக் கொங்கிரீட்டில், வெறுங்கால்.

"மகன், எங்கட ஆக்களோ?"

வெளிநாட்டில் எந்தக் காட்டுக்குள் போனாலும் இந்தக் கேள்வி வரும். எனக்குப் பயம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது.

"ஓம் அங்கிள். மன்னார், பேசாலை. நீங்கள்?"

"மானிப்பாய்."

"சப்பாத்து எங்கை?"

"நனைஞ்சு போச்சு. என்ரை மகன் காருக்குள்ளை காய வைக்கக் கொண்டு போட்டான். காரைக் கிட்டக் கொண்டு வாறன், இருங்கோ எண்டவன். இருக்கிறன்."

"குளிருதெல்லே. மேலை வந்து எங்கட வானிலை இருங்கோவன்."

"இல்லை. வந்து தேடுவான்."

கதைக்கும்போது என் வாயிலிருந்து புகை புகையாக வந்தது. அவருடைய வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. வயதான மனிதர், மூச்சுக் குறைவு என்று நினைத்தேன். மனிதன் எப்படியெல்லாம் தனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்கிறான், பாருங்கள்.

மேலிருந்து ஆரூரன் ஹோர்ன் அடித்தான். இரண்டு தரம்.

"சரி அங்கிள். போட்டு வாறன்."

பழக்கம். வாய் தானாகச் சொன்னது.

அவர் அதுவரைக்கும் அருவியைப் பார்த்தபடிதான் கதைத்துக்கொண்டிருந்தார். இப்போது தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"வருவியோ?"

சிரித்தேன். "வருவன் அங்கிள்."

மேலே வந்து, வானில் ஏறி, சீற் பட்டியைப் போட்டேன். வான் கிளம்பி வளைவைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது. கார் பார்க்கில் எங்கள் வானைத் தவிர ஒரு வாகனமும் இருக்கவில்லை. மகன் எந்தக் காருக்குச் சப்பாத்தைக் கொண்டுபோனான்? கீழ்ப் பக்கமாக வேறு றோட்டு ஒன்று இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. மழை வரவில்லை. தெற்கே கடலுக்கு மேல் சாம்பல் பூசினது போல ஏதோ தெரிந்தது.

"இதோ?" என்றாள் டில்ஷா. குரல் இறங்கிவிட்டது.

"நம்ம கண்ணுக்கு அவ்வளவா தெரியாதும்மா," என்றார் மோகனதாஸ். "கமரா பத்து செகண்ட் கண்ணத் தொறந்தே வெச்சிருக்கும். அது பாக்கும். இங்க வந்து பாரு."

கமராவின் சின்னத் திரையில் வானம் எரிந்துகொண்டிருந்தது. மேலே இளஞ்சிவப்பு. கீழே பச்சை. கோடு கோடாக. டில்ஷா என் ஜக்கெற்றின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நோர்வேக்குக் கூட்டிக்கொண்டு போனது போல் எனக்கு இருந்தது.

"ரெண்டு பேரும் அங்கன போய் நில்லுங்க. ஒண்ணு எடுத்துத் தர்றேன். அசையக் கூடாது. மூச்சு விட்டா கொஞ்சம் மங்கலா விழும், பரவால்ல லா."

நின்றோம். பின்னால் புல்வெளி. அதற்கு அப்பால் கடலும் வானமும். கமராவில் ஒரு சின்ன லைற் எங்கள் முகத்தில் ஒருமுறை அடித்து அணைந்தது. 'டிக்' என்றது. அலைச் சத்தம். திரும்ப 'டிக்'.

மோகனதாஸ் திரையைப் பார்த்தார். படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். தலையை நிமிர்த்தி, எங்களைப் பார்க்காமல், எங்களுக்குப் பின்னால் இருந்த இருட்டைப் பார்த்தார்.

"எப்பிடி வந்திருக்கு அங்கிள்?"

"சரியா விழலம்மா."

கமராவை மூடிப் பைக்குள் வைத்தார். இன்னொன்று எடுக்கவில்லை. முக்காலியை மடித்துக்கொண்டு முதல் ஆளாக வானுக்குப் போனார். குளிர் என்று நினைத்தேன்.

வெளிக்கிடும்போது ஏழு முப்பத்தைந்து.

காட்டு றோட்டில் பனிப்புகார் இறங்கியிருந்தது. அது கோலாக் என்ற ஊர் வரைக்கும் போய், அங்கே ஹைவேயில் முட்டுகிற றோட்டு. ஆரூரன் அதில் நூறு தரம் ஓடியிருப்பான். வானுக்குள் ஹீற்றர் போட்டிருந்தது. இருந்தும் கால் விறைத்தது. கொஞ்ச நேரத்தில் லைற் வெளிச்சத்துக்குள் ஒரு மண்ணிறப் பலகை வந்தது. அருவியின் பெயர். வான் அந்தக் கார் பார்க்கில் போய் நின்றது.

"சீ... எவடத்திலை திரும்பினனான்?" ஆரூரன் சிரித்தான். "நித்திரை தூங்கிட்டன் போலை."

"நான் வானை ஓடட்டோ?"

"உன்னட்டைத் தந்தா நேரை கடலுக்குள்ளை விடுவாய். இரு."

திருப்பினான். நான் முன் சீற்றுக்கு மாறி, கண்ணை எடுக்காமல் றோட்டைப் பார்த்தேன். இடது பக்கம் மரம். வலது பக்கம் மரம். ஸ்டியரிங் நேராகவே இருந்தது. எங்கும் திரும்பவில்லை. சத்தியமாகத் திரும்பவில்லை.

பலகை.

கார் பார்க்.

எட்டு இருபத்திரண்டு.

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அதையும் மீறிக் கீழே அருவி இரைந்தது. போனில் ஒரு கோடு சிக்னலும் இல்லை.

"விடியுமட்டும் இஞ்சையே நிப்பம்," என்றான் ஆரூரன். "வெளிச்சம் வந்தாப் போலை போவம்."

நானும் அதைத்தான் நினைத்தேன். அப்போது பின் சீற்றிலிருந்து டில்ஷா மெல்லக் கூப்பிட்டாள்.

"இஞ்சேருங்கோ... வயிறு இறுகுது."

சீற்றில் திரும்பி அவளைப் பார்த்தேன். இதே சொல்லை, இதே குரலில், இரண்டு தரம் கேட்டிருக்கிறேன்.

மோகனதாஸ் கதவைத் திறந்து இறங்கினார். என்னையும் ஆரூரனையும் வரச் சொல்லிச் சைகை காட்டினார். வானுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்க் கமராவை நீட்டினார்.

"புள்ளத்தாச்சிப் பொண்ணு முன்னால காட்ட வேணாம்னு பாத்தேன்," என்றார்.

வானம் இளஞ்சிவப்பு. நானும் டில்ஷாவும் கொஞ்சம் மங்கல். மூச்சு விடுகிறவர்கள் மங்கத்தானே வேண்டும்? எங்களுக்குப் பின்னால், புல்லில், ஒருவர் நின்றார். மங்கலே இல்லை. ஆணி அடித்து நிறுத்தினது போல நின்றார். சுவெற்றரின் பின்னல் தெரிந்தது. மஃப்ளரின் நூல் தெரிந்தது. கால்விரல் நகம் தெரிந்தது.

"பத்து செகண்ட், தம்பி..." மோகனதாஸின் குரல் உடைந்தது. "இந்த ஆளு மூச்சே விடல."

ஆரூரன் என் முகத்தைப் பார்த்தான்.

"உனக்கு ஆளைத் தெரியுமோ?"

"பின்னேரம்... கீழை... கதைச்சனான்."

"வெளிக்கிடேக்கை என்ன சொன்னனீ?"

திரும்பவும் கமராத் திரையைப் பார்த்தேன்.

"டேய், என்ன சொல்லிப்போட்டு வந்தனீ?"

"போட்டு வாறன் எண்டு..."

"ஐயோ மச்சான்."

"வருவியோ எண்டு கேட்டவர். வருவன் எண்டனான்."

ஆரூரன் படிகளின் பக்கம் பார்த்தான்.

"அப்ப போ. போய் முகத்தைக் காட்டு. வாயைத் திறவாதை. செத்த வீட்டாலை வாற மாதிரி வா."

விசர்க் கதை. பகலில் யாராவது சொல்லியிருந்தால் நானே ஏசியிருப்பேன். ஆனால் வானுக்குள் டில்ஷா இருந்தாள். கோலாக்கில் ஆஸ்பத்திரி இருந்தது. நடுவே இந்தக் காடு இருந்தது. அது எங்களை விடவில்லை.

கண்ணாடியில் தட்டினேன். "கதவைப் பூட்டிக்கொண்டு இரு. நான் வந்து தட்டுமட்டும் திறவாதை."

உள்ளே பூட்டு விழுந்தது. 'டக்.' காதால் கேட்டேன்.

மற்ற இருவரும் படித் தலைப்பில் ரோச் லைற்றோடு நின்றார்கள். நான் போன் வெளிச்சத்தில் இறங்கினேன்.

படிகள் ஈரம்.

அருவிச் சத்தம் கூடிக்கொண்டே வந்தது...

கடைசிப் படி.

அங்கே ஒரு கம்பிவேலி நின்றது.

பின்னேரம் வேலி இல்லை. இப்போது இருக்கிறது. புது வேலியும் இல்லை. அதில் கட்டியிருந்த செம்மஞ்சள் வலை வெயிலில் வெளிறி, கிழிந்து தொங்கியது. வேலிக்கு அப்பால் வெளிச்சத்தை அடித்தேன்.

தட்டு இல்லை.

வாங்கு இல்லை.

நிலமே இல்லை.

மண் சரிந்த பள்ளம். இந்தப் பக்கத்து விளிம்பில் ஒரு துண்டுக் கொங்கிரீட். அதிலிருந்து இரண்டு கம்பி நீட்டிக்கொண்டு நின்றன. துரு தின்று ஈர்க்குப் போல மெலிந்த கம்பி. கம்பி அப்படித் தேய வருடக்கணக்காகும். அது எனக்குத் தெரியும்.

பின்னேரம் நான் நின்று கதைத்த இடம்... வெறும் காற்று.

வெளிச்சத்தைப் பள்ளத்துக்குள் இறக்கினேன். அடி தெரியவில்லை.

கீழேயிருந்து...

"வந்திட்டியோ மகன்?"

வாயை இறுக்கினேன்.

"சொன்னபடி வந்திட்டாய். நல்ல பிள்ளை."

திரும்பினேன். ஏறினேன்.

"போறியோ?"

ஏறினேன்.

"சொல்லிப்போட்டுப் போவன்..."

குரல் பள்ளத்தில் இல்லை. படியில். எனக்குப் பின்னால். ஈரக் கால் படியில் படுகிற சத்தம்.

சப்...

சப்...

சப்...

"றெக்சன்."

நான் அவருக்கு என் பெயரைச் சொல்லவில்லை.

"சொல்லாமல் போறியோ ராசா?"

அது அவருடைய குரல் இல்லை.

அம்மா.

கையைக் கடித்தேன். உப்புக் கரித்தது. திரும்பவில்லை. சொல்லவில்லை.

பாதி வழியில் சத்தம் நின்றது.

காலடி இல்லை. குரல் இல்லை. அருவி மட்டும். என்னை விட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

அப்படித்தான் நினைத்தேன்.

மேலே வந்ததும் வாயில் விரலை வைத்துக் காட்டினேன். ஆரூரனுக்கு விளங்கியது. கண்ணாடியில் தட்டினேன். பூட்டு 'டக்' என்று விட்டது. ஏறினோம். டில்ஷா ஏதோ சொல்ல வாய் எடுத்தாள். கையால் அவளுடைய வாயைப் பொத்தினேன். நாலு பேரும் பேசாமல் போனோம். மரம்... மரம்... மரம்... பிறகு ஒரு பெற்றோல் ஷெட்டின் வெளிச்சம். பிறகு ஹைவே. மோகனதாஸ் சத்தமில்லாமல் அழுதார்.

ஆஸ்பத்திரியில் தாதி வயிற்றில் கருவியை வைத்தாள். டுக் டுக் டுக் டுக் என்று பிள்ளையின் இதயம் ஓடியது. அப்படியொரு சத்தத்தை என் சீவியத்தில் கேட்டதில்லை. பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. எப்போது வயிற்று நோவு விட்டது என்று தாதி கேட்டாள். காட்டுக்குள் நின்றபோதே விட்டுவிட்டது என்றாள் டில்ஷா. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

கீழே கண்டதை டில்ஷாவுக்குச் சொல்லவில்லை. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது எதற்கு? "அந்த இரவைப் பற்றி வீட்டிலை கதைக்க வேண்டாம்" என்றேன். அவளும் கேட்கவில்லை.

அடுத்த நாள் ஆரூரன் எனக்குப் போன் எடுத்தான்.

"டில்ஷா தங்கச்சி தண்ணிப் போத்தலை ஊத்திப்போட்டாவோ?"

"இல்லையே. ஏன்?"

"அவவுக்குப் பக்கத்துச் சீற் ஊறிப்போய்க் கிடக்கு. பிழியப் பிழிய வருது."

மழை ஜக்கெற்றை வைத்திருப்போம் என்றேன். மழை பெய்யவில்லை என்பது போனை வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஆகஸ்டில் அவனுக்கு மிச்சக் கதை கிடைத்தது. சிட்னியில், ஹோம்புஷில் இருக்கும் ஒரு சிநேகிதன் சொன்னான். வருடங்களுக்கு முன், மகனோடு நிற்க ஊரிலிருந்து வந்த ஒரு தகப்பன். அந்த அருவிக்குப் போயிருக்கிறார்கள். கடும் மழை. தகப்பனின் சப்பாத்து நனைந்துவிட்டது. மகன் அதைக் காருக்குள் ஹீற்றரில் காய வைக்க எடுத்துக்கொண்டு, "காரைப் படிக்குக் கிட்டக் கொண்டு வாறன், இருங்கோ அப்பா" என்று சொல்லிவிட்டு ஏறியிருக்கிறான். அவன் சொன்னபடி வந்தான். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அதற்குள் கரை சரிந்து, தட்டும் வாங்கும் ஆளும் போய்விட்டன. அந்த மகன் பிறகு ஒருநாளும் அந்தக் காட்டுப் பக்கம் போகவில்லையாம். சப்பாத்து இன்னும் அவனிடம் இருக்கிறதாம்.

சரி, கதை முடிந்தது, எனக்கும் அவருக்கும் கணக்குத் தீர்ந்தது என்று இருந்தேன். சொன்னபடி போனேன். சொல்லாமல் வந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை குசினியில் டில்ஷா பிள்ளை உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"அண்டைக்கு வானுக்குள்ளை வந்திருந்த அங்கிள் ஆரப்பா?"

"மோகனதாஸ்."

"அவர் இல்லை. மற்றவர். வெறுங்காலோட வந்தவர்."

கதிரையை இழுத்து அவளுக்கு முன்னால் இருந்தேன்.

"நீங்கள் கீழை இறங்கிப் போனாப் பிறகு பாத்தன், பக்கத்திலை இருக்கிறார். ஆரூரன் அண்ணை ஏத்திவிட்டவர் ஆக்கும் எண்டு நினைச்சன். பாவம், நல்லாய் நனைஞ்சு போனார். அவர் வந்து இருந்த உடனை எனக்கு வயித்து இறுக்கம் விட்டிட்டுது."

"கதவு பூட்டியெல்லோ இருந்தது?"

"அதுதான் தெரியேல்லை."

"என்ன கதைச்சவர்?"

"பெரிசாய் ஒண்டும் இல்லை. பிள்ளை எப்ப எண்டு கேட்டவர். செப்டெம்பர் கடைசி எண்டன். 'அதுக்கென்ன, கொஞ்ச நாள்தானே' எண்டார்."

"பிறகு?"

"நீங்கள் ஏறி வாற சத்தம் கேட்டது. எழும்பினவர். என்ரை முகத்தைப் பாக்கேல்லை. வயித்தைப் பாத்துத்தான் சொன்னவர். 'போட்டு வாறன் மகள்' எண்டு."

சின்னச் சட்டை ஒன்றை மடித்து, கையால் நீவி, மற்றவற்றின் மேல் வைத்தாள்.

"நீ என்ன சொன்னனீ?"

"என்ன சொல்லுறது? வயசு போன மனுசன், சொல்லிக்கொண்டு போகுது. 'ஓம் அங்கிள், போட்டு வாங்கோ' எண்டன்."

வருகிற செவ்வாய்க்கிழமை அவளுக்குப் பிள்ளை பிறக்க வேண்டிய நாள்.